உர்சுலாவும் ஏமியும் கொடுத்த ரத்தம்

காஜாங் வட்டாரத்தில் கார் லைசென்ஸ் எடுத்தவர்களிடம் உர்சுலா டீச்சர் என்று சொன்னால் பலருக்கு உடனே முகம் ஞாபகம் வரும். ஒரே டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருடம் பயிற்சி கொடுத்தவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "மெல்ல, இன்னும் மெல்ல, க்ளட்ச விட்டுடாதீங்க" என்பாள். மேட்டில் வண்டி பின்னால் உருண்டாலும் அவள் பதறி யாரும் பார்த்ததில்லை.

நாற்பது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு மாணவியோடு சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு வெளுத்துத் தெரிந்தது. பல்பு பழுது என்று நினைத்தாள். அடுத்த சிக்னலிலும் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தாள். பலமுறை துவைத்த துணி மாதிரி ஒரு சிவப்பு. வலது கண்ணை மூடினாள், நல்ல சிவப்பு. மாணவியிடம் ஒன்றும் சொல்லாமல் பாடத்தை முடித்தாள். வீட்டுக்குப் போனபோது வலது கண்ணை அசைத்தாலே வலித்தது.

கண் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேனில் மூளையில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து நோய்க்குப் பெயர் கிடைத்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வயருக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல் நரம்புக்கு மேலும் ஓர் உறை உண்டு, கிருமியோடு சண்டை போட வேண்டிய செல்கள் உன் உடம்பில் அந்த உறையைக் கடிக்கின்றன என்று டாக்டர் சொன்னார். இந்த நாட்டில் அதிகம் பேருக்கு வராத நோய் என்றும் சொன்னார். ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் கணவன் ஸ்டானிஸ்லாஸ் எல்லாவற்றையும் தன் போனில் தட்டி எழுதிக்கொண்டான்.

கண் பெரும்பாலும் தெளிந்தது. டாக்டரின் அனுமதியோடு அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போட்டால் காய்ச்சல் மாதிரி அடிக்கும், எலும்பெல்லாம் நோகும். மறுநாள் காலை எட்டு மணிக்கு வெயிலில் பாடம்.

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் அவளோடு பாடகர் குழுவில் பாடுகிறவள் ஏமி. இருவருக்கும் ஒரே வயது. மூன்று மாத வித்தியாசம். ஏமிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. முன்பு டெங்கிக் காய்ச்சல் வந்து படுத்தபோது ஏதோ ஒரு சத்துப் பவுடர் குடித்துத்தான் எழுந்ததாக நம்பி, அதைத் தானும் விற்றுக்கொண்டிருந்தாள். நோய் என்றாலே எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தம் என்பது அவள் எண்ணம். தேவாலயத்தில் எல்லாருக்குமே அதே எண்ணம்தான். ஏமி இரண்டு டின் கொண்டு வந்தாள்.

பவுடர் இனிப்பாக இருந்தது, குடித்தால் காய்ச்சல் அடிக்கவில்லை. நான்காவது மாதம் உர்சுலா ஊசியை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட்டதாகவே ஸ்டானிஸ்லாஸிடம் தலையாட்டினாள். உடம்பு லேசானது, வேலை நன்றாக ஓடியது. ஏழு மாதம் அப்படிப் போனது.

ஊசியை நிறுத்திய எட்டாவது மாதம், கமலநாதன் என்ற புது மாணவர் பாடத்துக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது, அதுவரை மோட்டார் சைக்கிளிலேயே போய் வந்தவர். ரவுண்டபவுட்டை நெருங்கும்போது தடுமாறி, பிரேக் என்று நினைத்து எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, மிதித்துவிட்டார். இது மாதத்தில் இரண்டு தடவையாவது நடக்கிற விஷயம்; பயிற்சியாளர் பக்கத்தில் ஒரு பிரேக் இருப்பது அதற்காகத்தான். உர்சுலா மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தாள். குனிந்து பார்த்தபோது அவள் பாதம் பெடலுக்கு நாலு விரல் தள்ளி, வெறும் தரையில் கிடந்தது. அழுத்துகிறோம் என்று அவள் நினைத்தாளே ஒழிய, காலுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

கையை நீட்டி ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினாள். வண்டி தடுப்பின்மேல் ஏறி, ஓர் அறிவிப்புப் பலகையை இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. கமலநாதன் மன்னிப்புக் கேட்டார். கூட்டம் சேர்ந்தது. 'எல்' என்று பெரிய எழுத்து ஒட்டிய வண்டி. கற்றுக்கொள்கிறவர் இடித்துவிட்டார் என்று வந்தவர்கள் அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

"உங்க மேல தப்பில்ல அண்ணே. என் கால் வேலை செய்யல" என்றாள் அவரிடம். மேனேஜர் வந்ததும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு, பயிற்சியாளர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். முதுகுத்தண்டில் புதிதாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. துணி எடுக்க வீட்டுக்குப் போன ஸ்டானிஸ்லாஸ், ஐஸ்பெட்டியில் மிளகாய்ச் சம்பல் பாட்டில்களுக்குப் பின்னால் பிரிக்காத ஊசிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டான். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"காய்ச்சலா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்காததுதான் அவளை அழ வைத்தது.

மூன்றாம் நாள் ஷாமினி என்ற இளம் டாக்டர் கட்டிலருகே வந்தாள். இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் தர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்றாள் உர்சுலா. ஷாமினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நரம்பின் உறையைக் கடிக்கக்கூடிய செல்கள் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் உடம்பிலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அவற்றை அடக்கி வைக்க வேறு செல்கள் இருக்கின்றன, ரெகுலேட்டரி டி செல் என்று பெயர் என்றாள். இந்த நோய் உள்ளவர்களிடம் அந்த அடக்கும் செல்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

உர்சுலா யோசித்தாள். "அப்ப எனக்குச் சக்தி கொறஞ்சு போகல. அடக்கத்தான் ஆள் இல்ல."

"ஆளே இல்லையா, இருந்தும் வேலை செய்யலையான்னு தெரியலக்கா. அதத்தான் பாக்கறோம்."

ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில், நோயில்லாத, சொந்தக்காரரல்லாத ஒரு பெண்ணின் ரத்தமும் வேண்டுமாம். யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏமியின் அழைப்புகளை உர்சுலா இரண்டு வாரம் எடுக்கவில்லை. கோபம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை ஏமி காஜாங்குக்கே ரயிலேறி வந்துவிட்டாள். கையில் ஒரு டின்னும் இல்லை. உர்சுலா கம்பூன்றி வந்து கதவைத் திறந்ததைப் பார்த்து அவள் முகம் கலங்கியது. உள்ளே உட்கார வைத்து, நடந்ததை உர்சுலா ஒளிக்காமல் சொன்னாள். பவுடர் கெடுதல் செய்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஊசி நின்று போனதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் சண்டைக்காரச் செல்களுக்குத் தெம்பு ஏற்ற வேண்டிய நோய் இது இல்லை.

"நான்தான் உன் கால எடுத்துட்டேன்" என்றாள் ஏமி.

"ஊசிய நிறுத்தினது நான். நீ நிறுத்தச் சொல்லல." மனதில் கிடந்த மீதியையும் சொல்லிவிட்டாள்: "ஆனா நீ கொண்டு வந்தத நம்பித்தான் நிறுத்தினேன்."

ஏமி மறுக்கவில்லை. கோபித்துக் கிளம்பவும் இல்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இனி நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். உர்சுலா கைப்பையிலிருந்து ஷாமினியின் அட்டையை எடுத்து நீட்டினாள்.

ஊசியைக் கண்டாலே மயங்குகிறவள் ஏமி. முதல் தடவை உண்மையிலேயே சரிந்து விழுந்தாள். நர்ஸ் மைலோ பானம் கொடுத்து எழுப்பினாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு திருப்பாடலை முணுமுணுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தே போனார்கள். ஏமி லீவு எடுத்துக் காரில் வந்து கூட்டிப் போவாள். பவுடர் விற்பதை அவள் எப்போது விட்டாள் என்று உர்சுலா கேட்கவில்லை. காரின் பின்சீட்டில் வழக்கமாகக் கிடக்கும் டின்கள் இல்லாததைக் கவனித்தாள், அவ்வளவுதான்.

உர்சுலாவுக்கு மருந்தை மாற்றினார்கள். இப்போது தினமும் மாத்திரை. கால் பாதி திரும்பியது. டிரைவிங் ஸ்கூல் மேனேஜர், ஏர்கோன் போட்ட வகுப்பறையில் சாலைச் சட்டப் பாடம் நடத்த வருகிறாயா என்று கேட்டார். வீட்டிலேயே இரேன் என்றான் ஸ்டானிஸ்லாஸ். ஒரு வாரம் பேசி, வாரம் மூன்று நாள் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் நாற்பது பேர் முன்னால் நின்று பேசி, மதியத்துக்குள் துவண்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்தினாள்.

இரண்டு வருடம் கழித்து, ரத்தம் கொடுத்தவர்களை எல்லாம் ஷாமினி கூப்பிட்டாள். அவரவர் கணக்கைத் தனியாகச் சொல்ல முடியாது, மொத்தமாகப் பார்த்ததைச் சொல்கிறேன் என்றாள். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயுள்ளவர்களிடமும் அந்த அடக்கும் செல்கள் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. ஆனால் கண்ணாடித் தட்டில் சண்டைக்காரச் செல்களோடு சேர்த்து விட்டுப் பார்த்தபோது, நோயுள்ளவர்களின் செல்கள் அவ்வளவாக அடக்கவில்லை.

"பெடல் இருக்கு, மிதிச்சா புடிக்கல" என்றாள் உர்சுலா. ஷாமினி சிரித்து, இதையே அடுத்த கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்டாள். பிறகு முகம் மாறி, "இதனால உங்களுக்கு உடனே ஒரு மருந்து வந்துராதுக்கா. அதயும் சொல்லிடணும். நாங்க பாத்ததும் கொஞ்சம் பேரத்தான்" என்றாள். உர்சுலா தலையசைத்தாள். ஏமாற்றம் இருந்தது. ஆனால் இத்தனை நாளும் தன் உடம்பில் ஏதோ குறைச்சல் என்று எண்ணிக் கூசியதெல்லாம் அன்று கொஞ்சம் விலகியது. வேண்டியது உள்ளே இருக்கிறது. வேலையில் கோளாறு, அவ்வளவுதான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஏமி தயங்கினாள். "என்னோடது நல்லா அடக்குதுன்னா, அதுல கொஞ்சம் உனக்கு ஏத்த முடியாதா?" என்று கேட்டாள்.

"நானும் முன்ன ஒரு தடவ ஷாமினிகிட்ட அதான் கேட்டேன். அப்படி முடியாதாம்."

ஏமி உண்மையாகவே வருத்தப்பட்டாள். காரை எடுத்தாள். செராஸ் சாலையில் பெரிய நெரிசல். முன்னால் போன லோரியை அவள் நெருங்கிவிட்டபோது, "மெல்ல, இன்னும் மெல்ல" என்றாள் உர்சுலா.