டிரைவர் வீட்டு ஆள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. நாசரேத் ஸ்டேஷனில் நிற்கும் ஒரு நீராவி எஞ்சின். அதன் வாசலில் இரண்டு பேர். ஒருவர் தலையில் துண்டு கட்டிய என் அப்பா, எஞ்சின் டிரைவர். இன்னொருவர் என் வீட்டுக்காரர். கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன புது மாப்பிள்ளை. கரி எஞ்சினில் ஏறுவதற்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். இந்தப் படம் இப்போது எங்கெங்கோ போய்விட்டது. பழைய எஞ்சின்கள் மேல் பைத்தியமாக இருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. யாரோ ஒருவர் அதைப் பெரிதாக்கித் தன் வீட்டில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். படத்துக்கு அடியில் எப்போதும் என் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். எடுத்தது நான். பிளாட்பாரத்தில் நின்ற என் கையில் காமிராவைக் கொடுத்து, “இந்தப் பொத்தான அமுக்குனாப் போதும், வேற ஒண்ணயும் தொடாத” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். யார் எடுத்த படம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அப்போது சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஹார்பரிலிருந்து வரும் வேகன்கள், உப்பு ஏற்றிய வேகன்கள் எல்லாவற்றையும் மணியாச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார். அது மீட்டர்கேஜ் காலம். பயணிகள் வண்டிக்கு ஒய்.பி. என்று ஒரு வகை எஞ்சின். சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. என்று இன்னொரு வகை. ஒய்.பி.க்குச் சக்கரம் பெரியது, ஓட்டமும் அழகு. ஒய்.ஜி.க்கு இழுக்கிற சக்கரம் சிறியது, எண்ணிக்கையில் கூடுதல். எனக்கு அந்த ஒய்.ஜி.தான் உயிர். பாரத்தோடு கிளம்பும்போது தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். உடனே புகைபோக்கியில் இரைச்சல் தாறுமாறாகும். அப்பா கொஞ்சம் அடக்குவார். திரும்ப மெதுவாக, ஒவ்வொரு மூச்சாக எடுத்து வண்டியை நகர்த்துவார். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்குக் கிளப்புவது அப்பாவா வேறு டிரைவரா என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். விசில் ஊதினால் கேட்கவே வேண்டாம். அப்பா கயிற்றைப் பிடித்து இழுக்கிற விதம் தனி. ஒன்றை நீட்டி, முடிவதற்கு முன்னாலேயே கொஞ்சம் தாழ்த்தி விடுவார்.

ஒரு தடவையாவது எஞ்சினில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அழுதிருக்கிறேன். பரீட்சையில் முதலாவதாக வந்தால் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று பேரம் பேசியிருக்கிறேன். முதலாவதாகவும் வந்தேன். அப்பா மெடிக்கல் காலேஜ் வரைக்கும் படிக்க வைக்கத் தயாராக இருந்தவர். சர்ச்சில் என்னை மேடையேற்றி வேதபாடம் வாசிக்க வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்து பெருமைப்பட்டவர். ஆனால் எஞ்சின் என்றால் மட்டும் ஒரே பதில்தான். “ஏளா, எஞ்சின்ல பொம்பளப் பிள்ளைக்கு என்ன சோலி? கரி கொட்டுத எடம்.” அதற்கு மேல் பேச்சில்லை. நானும் வளர வளரக் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். யாருக்கும் கிடைக்காத ஒன்று எனக்கும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு அப்பாவைத் திருச்செந்தூர் லைனில் பயணிகள் வண்டிக்கு மாற்றினார்கள். நாங்கள் சொந்த ஊரான நாசரேத்துக்குக் குடிவந்தோம். எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில், ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை. நல்ல மனிதர், கலகலப்பானவர். ரயில் என்பது ஊருக்குப் போக ஏறுகிற சாமான் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. விருந்துக்கு வந்திருந்த இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், அப்பா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: “மாப்ளே, நாளைக்குத் திருச்செந்தூர் வரைக்கும் நம்ம எஞ்சின்ல வாரியளா? மேல சொல்லி வச்சிருக்கேன்.” அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாதான் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஓடிப்போய் மூன்றாவது பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கச்சனாவிளை தாண்டும்போது காற்றில் வந்த கரித்தூள் கண்ணில் விழுந்தது. முந்தானையை ஊதி ஊதி ஒற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விசில் கேட்டது. நீட்டலும் இல்லை, தாழ்த்தலும் இல்லை. பிய்ந்து பிய்ந்து, சின்னப் பிள்ளை ஊதல் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அது அப்பாவின் கை இல்லை. கயிற்றை அப்பா மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆத்தூர்க்காரப் பெண் ஒருத்தி, வெற்றிலைக் கூடையை மடியில் வைத்திருந்தவள், “கரி விழுந்துட்டோ? கசக்காதம்மா, தானா வந்துரும்” என்றாள். கரி எப்போதோ வந்துவிட்டது. கண்ணீர்தான் நிற்கவில்லை.

திருச்செந்தூரில் இறங்கி வந்த அவருடைய முகத்தை என்னால் மறக்கவே முடியாது. சட்டையெல்லாம் கரி. கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. “ஏளா, ஒனக்குத் தெரியாது, உள்ள அது ஒரு தனி உலகம்ளா” என்றார். ஒனக்குத் தெரியாது என்ற அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவருக்கு இன்றுவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் அவரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாய்லர், பிஸ்டன், கரி, தண்ணீர் என்று சாயங்காலம் வரைக்கும் போகும். நான் காபி கொண்டுபோய் வைத்தால் பேச்சு கொஞ்சம் நிற்கும். நான் திரும்பியதும் தொடரும். அப்பா என்னிடம் சொல்லாத கதைகளையெல்லாம் அவரிடம் சொன்னார். மழையில் தண்டவாளம் முங்கிக் கிடந்தபோது எஞ்சினை எப்படி ஊர்ந்து கொண்டுவந்தார், முதல்நாள் ஃபயர்மேன் வேலையில் எப்படி மயங்கி விழுந்தார் என்பதெல்லாம் என் அப்பாவின் வாழ்க்கை. அதை என் வீட்டுக்காரர் ரசித்து ரசித்து எனக்குச் சொல்லுவார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான். ஒருநாள் கண் விழித்து என்னைப் பார்த்தார். குனிந்தேன். “மாப்ளை வரலையா?” என்றார். “வருவாருப்பா” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தன, மீட்டர்கேஜும் போனது. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தப் பைத்தியம் இன்னும் முற்றியது. எங்கெங்கோ இருக்கிற இதே மாதிரி ஆட்கள் நண்பர்களானார்கள். கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர் பேச்சு, “எங்க மாமனார் சொல்லுவாரு” என்றுதான் தொடங்கும். கீழே வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம், “நீங்க அவரோட மிஸஸா?” என்பார்கள். டிரைவர் மகளா என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குள் எது நல்ல எஞ்சின் என்று சண்டையே நடக்கும். பெங்களூரிலிருந்து வரும் ஒரு டாக்டருக்கு டபிள்யூ.பி.தான். குண்டு மாதிரி கூர்ந்த மூக்கும் அதன் நடுவில் நட்சத்திரமும் வைத்த பிராட்கேஜ் எஞ்சின் அது. பேசும்போது காதலியைப் பற்றிச் சொல்வதுபோல் குரல் இளகிவிடும் அவருக்கு. சென்னையிலிருந்து வரும் ஒரு எஞ்சினியர், பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் ஊட்டி மலை எஞ்சினுக்கு ஈடாகாது எதுவும் என்பார். என் வீட்டுக்காரர் எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் ஹாலில் இருக்கும் படத்தைக் காட்டுவார். “நான் உள்ள நின்னுருக்கேன்” என்பார். அதோடு சண்டை முடிந்துவிடும். ஒருநாள் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நானும் சொன்னேன், எனக்கு ஒய்.ஜி.தான் பிடிக்கும் என்று. என் வீட்டுக்காரர் சிரித்தார். “அது சரக்கு வண்டி மாடுல்லா. நின்னு இழுக்கும், அவ்வளவுதான். அதுல என்ன அழகு இருக்கு?” எஞ்சினியர் மட்டும், “இல்லை சார், ரெண்டுக்கும் பாய்லர் ஒண்ணுதானே” என்றார். பேச்சு உடனே பாய்லருக்குப் போய்விட்டது. எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் அடுக்களைக்கு வந்து, காய்ச்சாத பாலை எடுத்து அடுப்பில் வைத்து, அது பொங்கி வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன வருஷம் தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு உப்பு வியாபாரி, வயதில் எங்களை ஒத்தவர், ஒரு காரியம் செய்தார். எந்தக் காலத்திலோ கடலுக்குள் பாலம் போடக் கல் இழுத்த ஒரு குட்டி எஞ்சின் அவருடைய உப்பு மூட்டைக் கிட்டங்கிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பல மாதம் பாடுபட்டுச் சரிசெய்து, சோதனை எல்லாம் முடித்து, காம்பவுண்டுக்குள் கொஞ்சதூரம் தண்டவாளமும் போட்டுவிட்டார். முதன்முதலாக ஓட்டுகிற அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். டாக்டர் வந்தார், எஞ்சினியர் வந்தார். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை கவனமாகப் பழைய நீலச் சட்டை போட்டுக்கொண்டார். என்னையும் வா என்றார். நான் டீச்சராக இருந்த காலத்தில் கட்டிய ஒரு காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

உப்பு அம்பாரங்களுக்கு நடுவே அது நின்றது. ஒய்.பி.யும் இல்லை, ஒய்.ஜி.யும் இல்லை. எந்த வகையிலும் சேராத, கரிப்பானை மாதிரி ஒரு குள்ள எஞ்சின். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுடுதண்ணீரும் எண்ணெயும் கரிப்புகையும் கலந்த அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியதும் என் கால்கள் தானாக முன்னால் போய்விட்டன. ஓட்டுவதற்கு ரிட்டையரான ஒரு டிரைவரும், கரி தள்ள இன்னொருவரும் ஏறியிருந்தார்கள். உப்பு அண்ணாச்சி கையைத் தட்டினார். “உள்ள எடம் கம்மி. இன்னும் ஒரு ஆளுதான் நிக்க முடியும். மொத ஓட்டம், அதனால டிரைவர் வீட்டு ஆளு ஏறட்டும். அதான் மொற.”

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

“டிரைவர் வீட்டு ஆளு நாந்தான் அண்ணாச்சி” என்றேன்.

அண்ணாச்சி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தணிந்த குரலில், “ஏளா, முட்டுவலிய வச்சிக்கிட்டு நீ எப்படி ஏறுவ? சேல வேற. கரி கொட்டுத எடம்ளா” என்றார். என் அப்பாவின் வார்த்தை, அப்படியே, அதே இழுப்போடு. அதையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அப்பா. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் விட்டுக்கொடுத்திருப்பேன்.

“தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினேன். உள்ளேயிருந்து டிரைவர் கையை நீட்டினார். “பாத்து ஏறுங்கம்மா, அங்கன கம்பி சுடும்.” முட்டி வலித்தது. ஏறிவிட்டேன்.

எஞ்சின் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். ஆட்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கைதட்டவில்லை. மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம், அவ்வளவுதான். அந்தச் சிறிது நேரத்தில் உள்ளே என்ன பார்த்தேன், எதைப் பிடித்தேன், டிரைவர் என்ன சொன்னார் என்பதை அங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே, “உள்ள எப்படி இருந்துச்சு?” என்றார்.

“சூடா இருந்துச்சு.”

“அது எனக்குத் தெரியாதா? கெளம்பும்போது எப்படி இருந்துச்சுன்னு கேக்கேன்.”

“நல்லா இருந்துச்சு.”

அதற்கு மேல் அவருக்கு என்னிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அன்று சாப்பிடும்போது இன்னொரு தடவை கேட்டார், டாக்டர் போனில் கேட்டதாகச் சொல்லி. மறுவாரம், தான் குழுவில் எழுதப்போவதாகவும், உள்ளே இருந்ததைப் பற்றி நாலு வரி நான் சொன்னால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எஞ்சின் எந்த ஊரில் செய்தது, எவ்வளவு கரி தின்றது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அந்த நாலு வரி இல்லாமல் அதை அனுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை.

நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டால் என்ன என்று சில சமயம் தோன்றும். நேற்றுக்கூடக் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“அப்படி என்னதாம்ளா இருந்துச்சு உள்ள?”

“ஒங்களுக்குத் தெரியாது” என்றேன்.