மூடுபனியில் கொடுத்த குரல்

ஊட்டியின் பழைய நகரத்தை நடந்து காட்டுவது என் பிழைப்பு. மார்க்கெட்டில் ஆரம்பித்து, கல்கட்டட கோர்ட், நூலகம், மேட்டுத் தேவாலயம் என்று ஏறி, அதன் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் முடிப்பேன். இரண்டு மணி நேர நடை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வரலாறு வேண்டாம். டீக்குத் தொட்டுக்கொள்ள நல்ல வர்க்கி எங்கே கிடைக்கும், பாத்ரூம் எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் வேண்டும். கல்லறைத் தோட்டம் வந்ததும்தான் முகத்தில் உயிர் வரும். "இங்கே பேய் உண்டா?" என்பார்கள்.

ஒரு மழைநாளில் எரிச்சல் தாங்காமல் உண்டு என்று சொல்லிவிட்டேன். தோட்டத்தின் கீழ்க்கோடியில், சரிவு தொடங்கும் இடத்தில், எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு கல் இருக்கிறது. அதற்கு ஒரு ஆயாவை நானே உண்டாக்கினேன். துரை வீட்டுக் குழந்தையைத் தேடி மூடுபனிக்குள் போனவள் திரும்பவேயில்லை. பனியில் யாரையாவது தொலைத்தவர்கள் இந்தக் கல்லருகே நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். தொலைந்தவர் செத்திருந்தால் பதில் குரல் வரும், உயிரோடிருந்தால் வராது. முழுக்க முழுக்க என் கைச்சரக்கு. யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நடை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தேவாலய கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, கையில் ஒரு துணிப்பை.

"நீங்கதானே அண்ணே போன்ல அந்த ஆயா கதை சொன்னது? கூடலூருக்கு அந்தப்பக்கம் சேரங்கோட்டுல இருந்து வர்றேன். அந்தக் கல்லைக் காட்டுவீங்களா?"

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அம்மா இலங்கையிலிருந்து வந்து தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். ஐந்து மாதத்துக்கு முன் விறகுக்குப் போனபோது பனி இறங்கிவிட்டது. இடுப்பில் கட்டும் படங்குத் துணி மட்டும் ஓடைக்கரையில் கிடைத்தது. போலீஸும் தேடியது, ஊரும் தேடியது.

"தம்பிங்க கருமாதி பண்ணிடலாம்ங்கிறாங்க. உசுரோட இருக்கிறவளுக்கு எள்ளுந்தண்ணியும் எறைச்சா அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்த் தொலைப்பேன்? அதான், கேட்டுட்டு வந்து சொல்றேன்னுட்டு வந்தேன்."

அது பொய் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கேட்டிலேயே அவள் செருப்பைக் கழற்றி விட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஈரப்புல்லில் வெறுங்கால். சொல்லாமல் கல்லை நோக்கி நடந்தேன். எப்படியும் பதில் வரப்போவதில்லை, அம்மா உயிரோடிருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு போகட்டும், அதனால் யாருக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன். கோழைக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

கல்லருகே போவதற்குள் பனி ஏறிவிட்டது. கீழே நிற்கும் கற்பூர மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டடி தள்ளி நின்றவளின் சால்வை நிறம்கூடத் தெரியவில்லை, உருவம் மட்டும்தான் தெரிந்தது. அம்மா என்று கூப்பிடுவாள் என நினைத்தேன். அவளோ வாயில் கையைக் குவித்து, "ஓ..." என்று நீட்டினாள்.

அந்தக் கூப்பாடு எனக்குத் தெரியும். நானும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன், அம்மா கொழுந்து பறித்தவள். பனி மூடினால் தேயிலை நிரையில் நிற்கிறவர்களில் ஒருத்தி இப்படிக் குரல் கொடுப்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாராவது கொடுக்கவில்லையென்றால், கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் அவரைத் தேடிப் போவார்கள். பள்ளி லீவில் கூடப் போன நான் ஒருமுறை விளையாட்டாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தேடி வந்த அம்மா அறைந்த அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, லயத்தை விட்டு வரும்வரை, அந்தக் குரலுக்கு நான் பதில் கொடுக்காமல் இருந்ததேயில்லை.

இரண்டாம் முறை கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மூன்றாம் முறை கூப்பிட்டாள். "ஓ..." என்று நான் பதில் கொடுத்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. என்னைக் கேட்காமலே வாய் கொடுத்துவிட்டது. அப்புறம் அவள் மெல்ல அழுவது கேட்டது. பனிக்குள்ளிருந்து வந்து என்னெதிரே நின்றபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"சரிங்கண்ணே. தம்பிங்ககிட்டச் சொல்லிடறேன்."

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தேன். தினமும் ஏறுகிற பாதையில் இறங்கினோம். நூலகம், கோர்ட், மார்க்கெட். எதுவும் கண்ணில் தெரியவில்லை. ஒருவேளை எங்கோ உயிரோடிருக்கும் ஒரு கிழவியை நான் சாகடித்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. கூடலூர் பஸ்ஸில் அவள் ஏறப்போன நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, மன்னிச்சிருங்க. குரல் கொடுத்தது நானுங்க. அந்தக் கதையும் பொய்யிங்க. கருமாதி பண்ணீறாதீங்க."

அவள் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"உங்க குரல் எனக்குத் தெரியாதாண்ணே? பக்கத்துல நின்னுதானே கொடுத்தீங்க. அது பொறவு வந்தது. மொதல்ல கீழ மரத்துக்குள்ளருந்து ஒன்னு வந்துச்சே. அதைக் கேட்டுத்தானே நீங்களும் கொடுத்தீங்க?"

பஸ் கிளம்பிவிட்டது.

கருமாதி முடிந்ததென்று மறு வாரம் என் நம்பரை விசாரித்துப் போன் பண்ணினாள். மனசு லேசாக இருக்கிறதாம். என் மனசு அப்படியில்லை. அந்தக் கணத்தை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் பதில் கொடுத்தது அவள் குரலுக்கா, கீழேயிருந்து வந்த குரலுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் நடையைத் தேவாலய வாசலோடு முடித்துக்கொள்கிறேன். பேய் உண்டா என்று கேட்டால் இல்லை என்கிறேன். பனி இறங்கும் நாட்களில் அந்தச் சரிவுப் பக்கம் காதைத் திருப்பாமல் வேகமாக இறங்கிவிடுவேன். ஒருநாள் அங்கிருந்து அந்தக் குரல் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. பதில் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். கொடுக்காவிட்டால் தேடி வருவார்கள் என்பதும் தெரியும்.