மூன்றாம் நம்பர் வீட்டுப் பூட்டு

அந்தப் பூட்டை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஜவ்வாது மலைமேல், ஏழைகளுக்கென்று அரசு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்ட எட்டு வீடுகளில் மூன்றாம் நம்பர் ஒரு மலைக்கிராமத்து அம்மாவுக்குக் கிடைத்தது. அவருடைய ஊரிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மணி நேர நடை. ஒன்பதாவது படிக்கும் மகளின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்றுதான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அந்த வீட்டைப் பெற்றிருந்தார். நான் அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் எழுத்தர். கலசப்பாக்கத்திலிருந்து மலையேறி வந்தவன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு வேறு.

அவர் ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. கதவுக்குக் குறுக்கே ஒரு குச்சியைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஆள் இல்லை என்று அர்த்தம், யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். இங்கேயும் அவர் அப்படியே செய்ய, நான் பெரிய மனிதத் தோரணையில் பாடம் எடுத்தேன். "கவர்மெண்டு வூடும்மா இது. எங்க போனாலும் பூட்டிட்டுப் போங்க." பூட்டையும் கையில் கொடுத்தேன். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டார்.

கோடை விடுமுறையில் தாயும் மகளும் புளி தட்டிக் கொட்டையெடுக்கச் சொந்த ஊருக்குப் போனார்கள். வீடு ஒதுக்கப்பட்டவர்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வந்தது அப்போதுதான். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பூட்டு. வெறும் குச்சியாக இருந்திருந்தால் கதவைத் தள்ளிப் பார்த்திருப்பார். அடுப்பும் பாயும் பாடப் புத்தகங்களும் கண்ணில் பட்டிருக்கும். "யாரும் இல்ல போலிருக்கே" என்றார். பூட்டச் சொன்னவன் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முன்கோபி, எனக்கோ புது வேலை. பேசாமல் இருந்துவிட்டேன். 'காலி' என்று கோப்பில் எழுதியதும் என் கைதான்.

ஜூனில் அந்த அம்மா திரும்பியபோது வீடு வேறொரு குடும்பத்தின் பெயருக்கு மாறியிருந்தது. "இன்னா சார், நீங்க சொன்னாப்புல பூட்டிட்டுத்தானே போனேன்?" ஒரே ஒரு முறைதான் கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து சாவியை மேசையில் வைத்தார். "வர்றவங்ககிட்ட சொல்லுங்க சார். அந்தக் கொழாய கொஞ்சம் தூக்கித் திருப்பணும். இல்லன்னா தண்ணி வராது, பாவம், தெரியாம அல்லாடப் போறாங்க." நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் வீடுகளைச் சரிபார்க்கப் போவது நானே. பூட்டிய வீட்டைக் கண்டால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. ரொம்ப நியாயமானவர் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அந்த அம்மாவின் மகள் பத்தாம் வகுப்புக்கு வரவே இல்லை.