பாதைக்காரர் பிடித்த குசினி

பேசின் நிரம்பாமல் சாமித்தம்பி ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவ மாட்டார். காலையில் குடித்த கோப்பைகள், சாப்பிட்ட பீங்கான், கறிச்சட்டி, அகப்பை எல்லாம் வந்து சேர வேண்டும். அதுவரை இடுப்பில் கைவைத்துக் காவல் நிற்பார். "தேத்தண்ணி ஊத்த ஒரு கோப்பையும் இல்ல, ஒண்டயாவது கழுவித் தாங்க" என்று மனைவி சின்னத்தங்கம் கேட்டால், "பொறு புள்ள, ஆக்கள் நிரம்பின மறுகாதான் பாதை வெளிக்கிடும்" என்பார்.

எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். முப்பத்தொரு வருடம் அதில் வேலை பார்த்துவிட்டு, 2008 தை மாதம் ஓய்வுபெற்றார். மறுநாளே குசினிக்குள் இறங்கிவிட்டார். அரிசிப் பானை இடது பக்கம் இருந்தால் தேங்காய்க் கூடை வலது பக்கம் இருந்தாக வேண்டும். சின்னத்தங்கம் ஓரமாக நின்று வெங்காயம் உரித்தால், "நடுவுக்கு வா, நடுவுக்கு வா" என்று கையைக் காட்டுவார்.

அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து சேருகிறவர். "இது என்ர அம்மா தந்த வீடு. குசினியும் அதுக்குள்ளதான் இரிக்கி" என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். தனக்குப் பிடிக்காதது காதில் விழாத வரம் பெற்ற மனிதர் அவர். அன்றைக்கும் அது கைகொடுத்தது.

ஆனால் அவர் பொழுதுபோகாமல் அங்கே நிற்கவில்லை. சுனாமி அன்று காலையில் வேலைக்குப் போனவர் மறுநாள் மத்தியானம்தான் வீடு வந்தார். கடலோரத்திலிருந்து ஓடிவந்த சனங்களை ஓயாமல் அக்கரைக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார். செய்தி தெரியாமல் துடித்த சின்னத்தங்கம், ஆள் உயிரோடு வந்தால் படுவான்கரையில் அக்காவின் ஊர் அம்மன் சடங்குக்கு ஏழு நாளும் தங்கித் தொண்டு செய்வதாக நேர்ந்துகொண்டாள். முதல் வருடம் மகளுக்குப் பிள்ளைப்பேறு. அடுத்த வருடம் நிலைமை சரியில்லை. அதற்கடுத்த வருடம் அக்காவே அகதி முகாமில். இப்போது அந்தப் பக்கம் சண்டை ஓய்ந்து, வைகாசிச் சடங்குக்கு நாளும் குறித்தாயிற்று. இவளுக்குத்தான் கால் எழும்பவில்லை.

"சோறு வடிக்கத் தெரியாத மனிசன விட்டுட்டு நான் எப்பிடிப் போற?"

"என்ர உசிருக்கு வச்ச நேத்தி. அத என்ர வயிறு மறிக்கிறதா?" என்றார். அந்த எண்ணம் அவருக்கு நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது; அதனால்தான் சமைக்கப் பழகக் குசினிக்குள் இறங்கினார்.

முதல் மீன்கறிக்கு மிளகாய்த்தூள் எவ்வளவோ அவ்வளவு உப்பும் போட்டார். "பாரம் ஒரு பக்கம் சாயப்படாதே" என்று விளக்கம் வேறு. வீட்டுப் பூனை மணந்து பார்த்துவிட்டு வேலி தாண்டிப் போய்விட்டது. சின்னத்தங்கம் தலையில் கைவைத்தாள்; பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நிலத்தில் குந்திவிட்டாள். அவருக்கு ரோசம் வந்தது. மூன்று கிழமை விடாமல் சமைத்தார். அவள் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பாள். நல்லது என்றும் சொல்ல மாட்டாள், கெட்டது என்றும் சொல்ல மாட்டாள். கடைசியில், "நீங்க ஒரு நேரம் பட்டினியெண்டு கேள்விப்பட்டாலும் அண்டைக்கே திரும்பிருவன். மகள் வீட்ட போய்ச் சாப்பிட்டாலும் எனக்குத் தெரியவரும்" என்று மிரட்டிவிட்டுப் பாதையேறினாள்.

தெரியத்தான் வந்தது. பாதையில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். அவர் வீட்டு அடுப்புச் செய்தி தினமும் வாவி கடந்தது. முதல் நாள் வாழைக்காய்ப் பால்கறி. இரண்டாம் நாள் சோறு அடிப்பிடித்தது, மேல்சோறு தப்பியது. நாலாம் நாள் பிட்டு அவித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாராம். சின்னத்தங்கம் திரும்பிப்போக உடுப்பு மூட்டையைத் தொடவில்லை. ஏழாம் நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை கோயிலில் நின்று, மூன்றரை வருடக் கடமையை மனம் குளிர இறக்கிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

ஒரு கிழமை மரக்கறியோடு கிடந்தவள் வருகிறாள் என்று, சாமித்தம்பி அன்று வாவியில் பிடித்த மணலை மீன் வாங்கிப் புளிவிட்டுக் காய்ச்சியிருந்தார். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தான் பிறகு சாப்பிடலாம் என்று அவர் பரிமாறிவிட்டு நின்றார். வாடைக்காற்றில் வாவி கொந்தளித்தபோதெல்லாம் கலங்காத மனிதர் அகப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார்.

"உப்பு எப்பிடி?"

அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"உறைப்புக் கூடிட்டோ?"

அவள் நிமிரவேயில்லை. பீங்கான் வெறுமையானது. அதை ஓரமாகத் தள்ளினாள். மீன்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, பானையில் இருந்த மிச்சச் சோறு முழுவதையும் அதற்குள் கொட்டி, சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை வழித்து வழித்துப் பிசையத் தொடங்கினாள்.