தம்பியின் வேனும் அந்தப் படமும்

நான் இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கும் பயப்படுகிற சுபாவம் வேறு. அடுப்பை அணைத்தேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்த நாள் எத்தனையோ. வாட்ஸ்அப்பில் என்ன செய்தி வந்தாலும் முதலில் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டின் கீழ் மண்டபத்தில், போனில் வரும் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தபோது, அந்தப் பயத்தால்தான் சேர்ந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் போனது தம்பிக்காக.

தம்பியும் எங்கள் புளோக்கில்தான் இருக்கிறான். பள்ளி வேன் ஓட்டினான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வேண்டுதல்படி தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டான். அதோடு விட்டானா? சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேன் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே வந்த பிள்ளைக்கெல்லாம் மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தான். அந்த வழியாகப் போன யாரோ காரிலிருந்தே படம் எடுத்துவிட்டார்கள்.

சாயந்திரமே படம் சுற்ற ஆரம்பித்தது. ‘மொட்டைத் தலை, வெள்ளை வேன். மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை ஏற்றுகிறான். பெற்றோரே உஷார். உடனே பகிருங்கள்.’ தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஆயர் ஈத்தாம் பாசாரில் பாதி ஆண்கள் மொட்டையாகத்தான் திரிவார்கள். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பிளாட் குழுவுக்கும் அது வந்தது. தம்பியும் அதே குழுவில் இருந்தான். யார் எதை அனுப்பினாலும் பதிலுக்குக் கும்பிடு போடுவது எங்கள் குழுவில் மரியாதை. என் தம்பியின் படத்துக்குக் கீழேயும் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘தகவலுக்கு நன்றி.’

போலீஸ் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை யாரும் பகிரவில்லை. “இனிமே நாங்களே கொண்டு போய் விட்டுக்கறோம் தம்பி” என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னது. வேன் கீழே நிறுத்திய இடத்திலேயே நின்றது.

வகுப்பு எடுத்தது ஒரு சின்னப் பெண். ஒரு செய்தி வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். “எனக்கெல்லாம் எதுக்கு வகுப்பு? முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துத் தின்னா சாவுன்னு வந்துச்சு. தின்னு பார்த்தேன், இதோ உட்கார்ந்திருக்கேன்” என்றார் ஒரு பெரியவர். “எனக்கும் அதான்லா வருத்தம்” என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, நான் போனை நீட்டினேன்.

“மிஸ், இந்தப் படம் பொய்தானே?”

அவள் நேரம் எடுத்துப் பார்த்தாள். “படம் உண்மைதாங்க்கா. கூட வந்த எழுத்துதான் பொய். முதல்ல எழுதினது யாரு, எப்போ, எங்கேன்னு ஒண்ணுமே இல்ல பாருங்க. இப்படித்தான் கேக்கணும்.”

அதைப் பிடித்துக்கொண்டேன். நான் வேலை பார்க்கிற கேன்டீனிலிருந்து வந்ததும் வீடு வீடாக ஏறினேன். தம்பி வேனில் திரும்பப் பிள்ளைகள் ஏற வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் ஒரு தாய், நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள்.

“நான் நம்பவே இல்லக்கா. அண்ணன் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியாதா?”

“அப்போ நாளைக்குப் பிள்ளையை ஏத்தி விடு.”

அவள் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். “பிள்ளை விஷயம்க்கா. எதுக்கு வம்பு?”

அவள் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். நம்பாமலேயே பயப்பட முடியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் விடாமல் அடுத்த கதவைத் தட்டினேன்.

ஒருநாள் தம்பி என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

“அக்கா, நீ வீடு வீடா போறதை நிறுத்திடு.”

“ஏன்டா? உனக்காகத்தானே போறேன்?”

“புதுசா குடி வந்தவங்களுக்கு அந்தச் செய்தியே தெரியாதுக்கா. நீ போய் அது பொய்னு சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியுது. நேத்து லிஃப்டுல ஒரு பொண்ணு என்னைப் பார்த்ததும் பிள்ளையை இழுத்துப் பின்னால விட்டுக்கிட்டா.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வலிக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னான்.

“வேனை வித்துட்டேன். ஃபேக்டரி பஸ் ஓட்டப் போறேன். அதுல பெரியவங்க மட்டும்தான்க்கா ஏறுவாங்க.”

அதற்கப்புறம் நான் யார் கதவையும் தட்டவில்லை. வகுப்புக்கு மட்டும் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் போனைக் காட்டி, “இதை அனுப்பலாமாக்கா?” என்று கேட்கிறார்கள். அனுப்பாதே, முதலில் யார் எழுதியது என்று பார் என்கிறேன். ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.