பூசணிக்காய் என்னுடையது

என் அத்தை மகனின் அறக்கட்டளை வெளியிட்ட விழா மலரின் மூன்றாம் பக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் நடந்த ஓர் அறுப்பின் பண்டிகைக்கு, தன் கையால் வளர்த்த பூசணிக்காயை அவன் காணிக்கையாகக் கொடுத்தானாம். பிற்காலத்தில் தன் மென்பொருள் நிறுவனத்தை விற்று, வந்ததையெல்லாம் பள்ளிக்கூடங்களுக்கு அள்ளிக் கொடுத்த கைக்கு அதுதான் தொடக்கமாம். இதில் இரண்டு பிழைகள். ஆண்டு 1975. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. அப்பா புதிய துறைமுக அலுவலகத்துக்கு மாறியிருந்தார் என்பதால் எனக்கு இதில் ஐயமில்லை. இரண்டாவது பிழை, பூசணிக்காய் என்னுடையது.

அறுப்பின் பண்டிகை என்றால் விளைந்ததில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவது. எங்கள் சபையில் நெல் அறுத்தவர்கள் யாரும் கிடையாது. உப்பளக்காரர்கள் உப்பு மூட்டை கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கோழி, கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலைக் கட்டு. ஆராதனை முடிந்ததும் பந்தலில் சபை ஊழியரான உபதேசியார் அவற்றை ஏலம் விடுவார்; பணம் சபைக்கு. எடுத்தவர் விரும்பினால் பொருளை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிடலாம். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும்.

மாமா இறந்தபின் அத்தை வெளியூரில் ஒரு மிஷன் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போனதால், அந்த வருடம் அத்தை மகன் எங்கள் வீட்டில் இருந்து படித்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் வந்த பிறகு மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்குப் போயிற்று. என்னிடம் கேட்கும் வாய்க்கணக்கையெல்லாம் அப்பா அவனிடம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன் விடை சொன்னான். அவன் கை படாமல் எனக்கென்று மிஞ்சியது கொல்லைப்புறம் மட்டும்தான். அந்த உப்பு மண்ணில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒரு பூசணிக்கொடியைக் காய்க்க வைத்திருந்தேன். ஒரே காய்.

“ஏளா, இத நான்தான் ஏலத்துல எடுப்பேன், பாத்துக்கோ” என்று அப்பா சொல்லியிருந்தார். சபைக்கு முன்னால் அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவதைப் பலமுறை கற்பனையில் பார்த்துவிட்டேன்.

பண்டிகையன்று அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா அடுக்களைக் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எலுமிச்சம்பழம் முதலில் வந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சி எடுத்தார். உடனே அத்தை மகன் முன்வரிசையிலிருந்து கத்தினான்: “அண்ணாச்சி, ஒத்தப் பழத்த வச்சு என்ன செய்யப்போறிய? திருப்பிக் குடுத்துருங்க!”

பந்தலே சிரித்தது. அண்ணாச்சி வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். அவரே கொடுத்துவிட்டபின், அடுத்து எடுத்தவர் எப்படி வைத்துக்கொள்வார்? ஒருவர் எடுக்க, கொடுக்க, இன்னொருவர் எடுக்க, பழம் சுற்றிக்கொண்டே இருந்தது. “பழம் இன்னைக்கு யாரு வீட்டுக்கும் போகாது போலுக்கே!” என்றார் உபதேசியார். “எங்க மருமவன் பழம்லா!” என்று அப்பாவும் எழுந்தார். எடுத்தார், கொடுத்தார், மறுபடியும் எடுத்தார்.

பிறகு என் பூசணிக்காய் வந்தது. அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் ஏலக் கேள்விக்கே அண்ணாச்சி அதை எடுத்துவிட்டார். நானும் எழுந்து கத்தினேன்: “அண்ணாச்சி, திருப்பிக் குடுத்துருங்க!”

“அடப் போளா, இது கொழம்புக்கு ஆவும்லா!” என்று அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கும் பந்தல் சிரித்தது.

வீடு திரும்பும்போது அப்பாவின் கை அவன் தோளில் இருந்தது. நான் பின்னால் நடந்தேன். தெருமுனையில் அவன் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

“ஏளா, அந்தப் பூசணிக்கா நான் வளத்ததுன்னு எங்கம்மைக்கு எழுதிக்கிடட்டா?”

“ஒனக்குத்தான் எலுமிச்சம்பழம் இருக்குல்லா. ஊரே ஒன்னத்தான பேசுது?”

“அது ஒங்கம்மை குடுத்ததுலா.”

“மாட்டேன், போ லே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எல்லாம் கிடைத்தவனுக்கு இதுவும் வேண்டியிருக்கிறதே என்று அழுகையாக வந்தது. அவனுக்கு என்ன கிடைக்கவில்லை என்று எண்ணிப் பார்க்கும் வயது அல்ல அது.

மலரைத் தொகுத்தவரிடம் விசாரித்தேன். பூசணிக்காய்ச் செய்தி என் அத்தை எப்போதோ பெருமையாகச் சொன்னது என்று கேள்விப்பட்டதாக அவர் சொன்னார். அத்தை இப்போது இல்லை. அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆக, அவன் அந்தக் கடிதத்தை எழுதினானா என்பது இதுவரை உறுதியாகவில்லை.