இல்-பிசார் படகில் ஓர் இத்தாலி வீடு

இல்-பிசார் தீவிலிருந்து ஆற்றைக் கடந்து லவால் கரைக்குப் போகும் படகு, கார்களைச் சுமந்துகொண்டு கனவில்போல் நகர்கிறது. கம்பியைப் பிடித்தபடி சென்னைக்கு போன் பேசி முடிக்கிறேன். பக்கத்து வேனிலிருந்து இறங்கி வந்த பெண் சிரிக்கிறார். அறுபது வயதிருக்கும். நகக்கண்களில் சுண்ணாம்பு.

“தம்பி தமிழோ?” என்றவர், நான் விரல்களைப் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார். “சுவர் பூசப் பழகிறன். பேஸ்மென்ட் சுவர்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.”

“எதுக்கு அக்கா?”

“இத்தாலியிலை ஒரு சின்ன ஊரிலை வீடு வாங்கியிருக்கிறன். கூரை பாதி விழுந்துபோச்சு, அதாலைதான் மலிவு. கர்க்லாண்டிலை எங்கடை வீடு பெரிசு. பிள்ளையளும் வீட்டை விட்டுப் போட்டினம். பனி அள்ளுறதும் புல்லு வெட்டுறதுமா அந்த வீட்டுக்கு நாங்கள்தான் வேலைக்காரர். இத்தாலியிலை ரெண்டு அறை, ஒரு அத்திமரம். எனக்கு அவ்வளவு காணும்.”

சொல்லிக்கொண்டே ஆற்றின் மேல் கையால் வீட்டை வரைகிறார். இங்கே கதவு, இங்கே அடுப்பு. வெயிலில் மினுங்கும் தண்ணீரில் எனக்கும் அந்த வீடு தெரிவதுபோலிருக்கிறது.

“உங்க வீட்டுக்காரரும் வருவாரா?”

வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவர் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா குரலைத் தாழ்த்துகிறார்.

“வரமாட்டன் எண்டுட்டார். வாங்கி ஒரு வருசமாச்சு, அந்த வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வராட்டிலும் நான் போறன், தம்பி.”

படகு கரையை மெல்ல முட்டுகிறது. அக்கா வேனில் ஏறிக் கதவைச் சாத்தும்போது, திறந்த கண்ணாடி வழியே கணவரின் குரல் கேட்கிறது.

“அங்கை நல்ல மீன் வருமோ?”

அக்கா அவரையே பார்க்கிறார். “கடல் கிட்டத்தானப்பா...” என்று மெதுவாகத் தொடங்குகிறார்.

பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். வேன் இன்னும் நகரவில்லை.